மூணாவது பெட்டி

அரைத்துக்கொண்டிருக்கிற மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அப்புறம் வா" என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

எனக்கு வந்தது.

இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை. அவன் கூழுக்காக முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு. பாதி மாவாகி டப்பாவில் விழுந்துவிட்டது, மீதி மில்லுக்குள்ளேயே நிற்கிறது. மில்லுக்கார இருசம்மாள் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னாச்சுக்கா?"

"கரண்டு சரியில்லை."

தலைக்கு மேலே ஃபேன் ஜம்மென்று சுற்றியது.

"ஃபேன் ஓடுதேக்கா."

"அப்ப பெல்ட்டு சரியில்லை. போயிட்டு அப்புறம் வா புள்ள."

எனக்குப் பின்னால் அரிசியோடு நின்ற முத்தாயிக்குப் பொறுக்கவில்லை.

"குரும்பலூர்லேருந்து பஸ் ஏறி வந்திருக்கேன். தெருவுக்கு ஒரே மில்லுங்கிற திமிரு. மாவுலயே உட்கார்ந்து உட்கார்ந்து இவ மனசு உமியாப் போச்சு."

"காதுல விழுது" என்றாள் இருசம்மாள்.

"விழட்டும்னுதான் சொன்னேன்."

நான் வெயிலுக்கு ஒதுங்கி அடுத்த கட்டடத்து ஜன்னலோரம் போய் நின்றேன். அது கம்ப்யூட்டர் சென்டர். பெரம்பலூருக்கே முதல் கம்ப்யூட்டர் என்று போர்டு சொல்லும்.

உள்ளே தனம் என்கிற பொண்ணு தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடியில் பச்சைப் பச்சையாக எழுத்து முளைத்தது. தப்பாக அடித்ததை அழித்தாள். அழித்த தடமே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால்கூடத் தடம் நிற்கும். நடுவில் ஒரு வரியைச் செருகினாள். மற்ற வரிகளெல்லாம் பஸ்ஸில் நகர்ந்து உட்காருகிற மாதிரி தள்ளிப்போய் இடம் விட்டன.

என் பிள்ளை விரல் சூப்புவதை மறந்துவிட்டான். நான் டப்பாவை மறந்துவிட்டேன்.

சென்டர் நடத்துகிற ராசாங்கம் சார் ஜன்னலுக்கு வந்தார்.

"சத்தம் போடாதீங்க. பரீட்சை நடக்குது."

"புள்ளையே வாயைத் திறக்கலை சார். கரண்டு போயி கம்ப்யூட்டர் அணைஞ்சுட்டா அடிச்சதெல்லாம் என்னாகும்?"

"அத்தனையும் போயிடும். போன பரீட்சையில இந்தப் பொண்ணு முக்கால்வாசி அடிச்சப்ப டக்குனு அணைஞ்சுபோச்சு. இன்னைக்கும் போனா அவ அப்பா இனிமே அனுப்பமாட்டாரு, மாப்பிள்ளை பார்த்துடுவாரு."

"இன்னைக்கு அணையாதா?"

சார் சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் கையைக் காட்டினார். ஒரு இரும்புப் பெட்டி. முகத்தில் கடிகாரம் மாதிரி ஒரு முள்.

"ஸ்டெபிலைசர். இது மூணாவது பெட்டி. முதல்ல திருச்சியில வாங்கினேன், விலை சல்லிசு. தூக்கினப்பவே தெரிஞ்சிருக்கணும், வெயிட்டே இல்லை. உள்ள செம்புக்குப் பதிலா அலுமினியக் கம்பி. ரெண்டாவது மெட்ராஸ் பெட்டி. பேரு பெரிசு, கரண்டு குறைஞ்சா டக்கு டக்குனு கத்தும், தூக்கிவிடாது. இது கோயமுத்தூரு. விலை ரெண்டு மடங்கு. ஆனா அந்த முள்ளைப் பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"அலுமினியச் சட்டிக்கும் செம்புக் குடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சார்."

"அதேதான்."

அரைக் கிலோ கேழ்வரகுக்கே நாலு கடை ஏறி இறங்குகிற எனக்கு, அந்தப் பெட்டியைக் கும்பிடலாம் போல இருந்தது. ஒரு பொண்ணோட தலையெழுத்தையே அது தாங்கிக்கொண்டிருக்கிறதே.

தனம் முடித்துவிட்டாள். இன்னொரு மெஷின் கிறீச் கிறீச்சென்று அவள் அடித்ததையெல்லாம் தாளில் இறக்கிக் கொடுத்தது. சார் அதைக் கவருக்குள் வைத்து ஒட்டினார். வாயெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தவள், மில் வாசலைத் தாண்டிப் போனாள்.

அவ்வளவுதான். மில் தடதடவென்று கிளம்பியது.

சென்டரில் பல்பு மங்கியது. கம்ப்யூட்டர் கறுத்துப்போனது. பெட்டியின் முள் படுத்துவிட்டது.

"இப்பத்தானே நல்லா இருந்துச்சு" என்று சார் பெட்டியைத் தட்டினார். "பெங்களூர்ப் பெட்டி ஒண்ணு இருக்காம். அதைத்தான் வாங்கிப் பார்க்கணும்."

நான் படுத்துவிட்ட முள்ளைப் பார்த்தேன். மில் பக்கம் திரும்பினேன்.

போய்ப் பார்த்தால் பெல்ட்டுக்கு ஒரு கேடும் இல்லை. என் மீதிக் கேழ்வரகு மாவாக விழுந்துகொண்டிருந்தது. புருவமெல்லாம் வெளுத்து நின்ற இருசம்மாளின் காதோரம் குனிந்தேன்.

"அக்கா, மில்லை நிறுத்தினது அந்தப் பொண்ணுக்காகவா?"

"போன பரீட்சைக்கு நான் மோட்டாரைப் போட்டேன், அது அழுதுகிட்டே வெளியே வந்துச்சு. என் மோட்டாராலதான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. இன்னைக்கும் பரீட்சைன்னு அது உள்ள போறப்பதான் தெரிஞ்சுது."

"அதைச் சொல்லியிருக்கலாமே. இத்தனை பேருகிட்ட ஏச்சு வாங்கினீங்களே."

"சொன்னா அந்தப் பொண்ணை ஏசுவாங்க. பொட்டப்புள்ளைக்கு இந்தப் படிப்பு எதுக்கு, நம்ம வேலைதானே கெடுதுன்னுவாங்க. சின்னப்புள்ள, தாங்காது. எனக்கு ஏச்சு பழக்கம்தான்."

வரிசையில் முத்தாயி இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். இருசம்மாள் டப்பாவைத் தட்டி மாவை அடக்கி என் கையில் கொடுத்தாள்.

"மறுபடியும் பெல்ட்டுன்னு சொன்னா இவ நம்பமாட்டா, வேற சாக்கு யோசிக்கணும். அடுத்த பரீட்சை என்னைக்குன்னு மட்டும் அந்த சாருகிட்ட நைசா கேட்டு வந்து சொல்லு புள்ள."