மோட்டாரின் தொண்டை

நடுக்கடலில் தண்ணீர் பம்ப் நின்று, படகு மோட்டார் கொதித்து அடங்கியது. பம்புக்குள் ரப்பர் சக்கரம் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தது. கரையில் புதுச் சக்கரம் மாட்டினார்கள். மோட்டார் மறுபடி கொதித்தது. "உதவாக்கரை" என்று மோட்டார் புதுச் சக்கரத்தைத் திட்டியது. இன்னொன்று மாட்டினார்கள். அப்போதும் கொதித்தது.

இந்த இரண்டாவது புதுச் சக்கரம் சொன்னது: "அண்ணே, நான் தள்ளுற தண்ணி திரும்பி வருது. பழைய சக்கரத்தோட துண்டுங்க உங்க தொண்டையில, தண்ணி போற குழாயில, அடைச்சிருக்கு."

"என் தொண்டையிலயா குத்தம்? பொத்துடா வாயை!"

மோட்டார் மறுபடியும் கொதித்தது. "இன்னொரு தடவை சூடானா காயலான் கடைதான்" என்றார் மெக்கானிக்.

மோட்டார் சக்கரத்திடம் கெஞ்சியது: "தம்பி, நீயே எடுத்துடேன்."

"எனக்குக் கை ஏது அண்ணே?"

மோட்டார் நாள் முழுக்க மணலில் கிடந்து அழுதது. கடைசியில் அந்தத் தொண்டைக்குள் நுழைந்து, துண்டுகளைக் கொக்கி போட்டு இழுத்தது, குப்பையில் கிடந்த ஒரு குடைக்கம்பி.