பழைய போனில் தங்கிவிட்டது

"புது போன் வாங்கினதிலேர்ந்து இவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா இரண்டு போன்களை மேசைமேல் வைத்தார். பின்னாலேயே வந்த கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதுப் போனை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

போன் பழுது பார்க்கும் அந்தச் சின்னக் கடைக்கு இந்தப் புகார் புதிதில்லை. தெருவே 'திருப்புளி அக்கா' என்று கூப்பிடும் கடைக்காரி, பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தாள்.

"அதுக்கு போனைப் பிடுங்கி வைக்கணும்மா. ரிப்பேர் பண்ணி ஆகப்போறதில்ல."

"பிடுங்கினா ஆகாதும்மா. நம்பரெல்லாம் வந்துடுச்சு, படமெல்லாம் வந்துடுச்சு. ஒரே ஒரு ஆப் மட்டும் திறந்தா காலியா கிடக்கு. இவர் பேசின ரெக்கார்டிங் பூரா அதுலதான் இருந்துச்சு. எங்க போச்சுன்னே தெரியல."

"பேக்கப் எடுத்தீங்களா?"

"மாப்பிள்ளைதான் எடுத்தார். எல்லாம் தானா வந்துடும் அத்தைன்னார். அவர் சொல்ற பாதி விஷயம் இப்படித்தான்."

திருப்புளி அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதைச் சொல்லிப் புரியவைப்பதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

"வீடு மாத்தறப்ப பீரோவைத் தூக்கிட்டுப் போறோம்ல, அந்த மாதிரிதாம்மா பேக்கப்பும். பீரோ வந்துடும். உள்ள ஒரு டிராயர் பூட்டியிருந்தா? அந்த ஆப் சாவியைக் கொடுத்தாதான் அதுல இருக்கறது வரும். சில ஆப் கொடுக்காது. அப்ப புது வீட்ல பீரோ நிக்கும், டிராயர் காலியா இருக்கும். உங்க ரெக்கார்டிங் எங்கயும் போகல. பழைய போன்லயே பத்திரமா உட்கார்ந்திருக்கு."

"அப்ப அதை எடுத்துக் கொடுத்துடேன்."

பழைய போனை எடுத்துப் பார்த்தாள். திரை வெளிச்சமாகத்தான் எரிந்தது. எங்கே தொட்டாலும் அசையவில்லை. பூட்டு எண்ணைக்கூட அழுத்த முடியவில்லை.

"கீழ போட்டீங்களா?"

"நான் போடல" என்று அந்த அம்மா கணவர் பக்கம் கண்ணைக் காட்டினார். "மூணு கடை ஏறி இறங்கியாச்சு. இந்த மாடலுக்கு இப்ப திரையே வர்றதில்லையாம். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் பார்க்கலாம்கறாங்க."

"அழிச்சா ரெக்கார்டிங்கும் சேர்ந்து போயிடும். என்ன ரெக்கார்டிங் அது, பாட்டா?"

"பாட்டா, இவரா? பாதி என்னைத் திட்டினதும்மா."

"திட்டினதையா சேர்த்து வச்சிருக்கீங்க?"

"பக்கத்துல உட்கார்ந்து, திட்டுங்க திட்டுங்கன்னு கேட்டு வாங்கினது. ஒரு சண்டையை விடலயே."

"அதான் ஆளே கூட இருக்காரே. புதுசா திட்டச் சொல்லிப் பதிஞ்சுக்குங்க."

"அது முடியாதும்மா. ஏன்னா இவருக்கு..."

கணவர் நிமிராமலே மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

திருப்புளி அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆசையாகத் தேடி வந்த மனைவியிடம் என்ன அதிகாரம் இது. அந்தக் கோபத்தைப் போன்மேல் காட்டாமல் வேலையைப் பார்த்தாள்.

"டச் போனா போன் செத்துப்போச்சுன்னு நினைக்கறாங்க. மூளை நல்லாத்தான் இருக்கு. விரல் சொல்றது அதுக்குக் கேக்கல, அவ்வளவுதான். வேற வழியா சொல்லிப் பார்ப்போம்."

கணினியிலிருந்து மவுஸைக் கழற்றினாள். கட்டைவிரல் அளவு இணைப்பான் ஒன்றை அதில் மாட்டி, பழைய போனின் சார்ஜர் துளையில் செருகினாள். திரை நடுவில் ஓர் அம்புக்குறி முளைத்தது. மவுஸ் போன பக்கமெல்லாம் அதுவும் போனது. அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கணவர்கூட நாற்காலியோடு நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பூட்டு நம்பர் என்ன சார்?"

அவர் ஒவ்வொன்றாக விரல்களை விரித்துக் காட்டினார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தபடியே அவள் எண்களைச் சொடுக்கினாள். பூட்டு திறந்தது.

ஆப்பின் அமைப்புகளுக்குள் போய்த் துழாவினாள். எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாகக் கட்டி வெளியே எடுக்கும் பொத்தான் அடியில் ஒளிந்திருந்தது. அழுத்தினாள். நீலக்கோடு ஊர்ந்தது. கணவரிடமிருந்து புதுப் போனை வாங்கி, கோப்பை அதற்கு அனுப்பி அந்த ஆப்பிலேயே திறந்தாள்.

"வந்துடுமாம்மா?" அந்த அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆப் கட்டின மூட்டையை அதே ஆப்புதான் பிரிக்கணும். அதுகிட்டயே கொடுத்திருக்கோம். பாருங்க."

புதுப் போனில் காலியாகக் கிடந்த பக்கம் நிறையத் தொடங்கியது. சின்னச் சின்னக் கட்டங்கள், வரிசை வரிசையாக, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கணவர் போனை வாங்கி ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. நல்லா இருக்கணும்." கனமான, கொஞ்சம் குறும்பான ஆண் குரல்.

இன்னொரு கட்டத்தைத் தொட்டார்.

"ஏய், கொஞ்சம் மூச்சு விட்டுக்க. மத்தவங்களும் பேசட்டும்."

"பார்த்தியாம்மா, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டார்" என்ற அந்த அம்மாவின் குரல் உடைந்தது.

திருப்புளி அக்கா நிமிர்ந்தாள். அவர் உதடுகள் அசையவே இல்லை. சட்டைக் காலருக்குள், கழுத்தின் நடுவில் இருந்த அறுவைச் சிகிச்சைத் தழும்பும் மூச்சு விடும் சின்னத் துளையும் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டன. குரல்வளையை எடுப்பதற்கு முன், இனி வாழ்நாளுக்கும் என்னென்ன பேச வேண்டியிருக்கும் என்று கணவனும் மனைவியுமாக யோசித்து யோசித்துப் பதிந்து வைத்த அவருடைய சொந்தக் குரல், ஒரு சொல் குறையாமல் புதுப் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.