எல்.இ.டி.யா, டியூப்லைட்டா?

பீரோ திறந்து கிடந்தது. நகைப்பெட்டியை மட்டும் காணோம்.

ஏட்டைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. பூட்டு உடையவில்லை. வீட்டுக்காரர் ஒரு வாரமாக ஆபீஸ் வேலையாக வெளியூரில். மனைவி அவள் அம்மா வீட்டில். இருவரும் இன்று காலையில்தான் திரும்பியிருக்கிறார்கள். மீனுக்குத் தீனி போடச் சாவி வைத்திருந்தவன் மனைவியின் தம்பி. வேலைவெட்டி கிடையாது. சோபா ஓரத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சத்தியமா நான் பீரோ பக்கமே போகலை."

"உன்னை நம்பிச் சாவி குடுத்தேன் பாரு!" என்று பாய்ந்தார் வீட்டுக்காரர். "மச்சான்னு பார்க்காதீங்க சார். உள்ள தள்ளுங்க."

அக்கா தம்பியையே பார்த்தாள்.

ஏட்டு அவன் தோளில் கை வைத்தார். இன்ஸ்பெக்டரோ ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டியை விட்டு நகரவில்லை. உள்ளே உயிருள்ள கடல் பவளங்கள் கலர் கலராக விரிந்து ஆடின. 'திருடனைப் பிடிக்க வந்த இடத்துல மீனை வேடிக்கை பார்க்கிறாரு பாரு' என்று ஏட்டு பல்லைக் கடித்தார்.

"எங்க வீட்லயும் ஒரு பவளத் தொட்டி இருக்கு சார். டியூப்லைட்தான் போட்டிருக்கேன். எல்.இ.டி. மாத்தினா பவளம் வெளுத்துடும்கிறாங்களே?"

வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. திருட்டு மறந்தே போனது.

"மாத்தத் தெரியாதவன் சொல்ற பேச்சு! எடுத்த எடுப்புல முழு வெளிச்சம் அடிச்சா வெளுக்காம என்ன செய்யும்? நான் ஊருக்குக் கிளம்பின அன்னைக்குத்தான் இந்த எல்.இ.டி.யை மாட்டினேன். பத்து பர்சென்ட் வெளிச்சத்துல ஆரம்பிச்சு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இப்ப நாப்பது. ஒண்ணாவது வெளுத்திருக்கா பாருங்க!"

"தானா ஏறிக்குமா?"

"சேச்சே! பவளத்தோட முகத்தைப் பார்த்துப் பார்த்து, கையாலதான் திருகணும்."

"மச்சான் திருகினாரா?"

"இந்தத் தடியனா? லைட்டைத் தொட்டா கையை முறிச்சிடுவேன்னு சொல்லித்தான் சாவியே குடுத்தேன். என்னைத் தவிர ஒருத்தன் கை பட்டதில்லை சார்."

"விலை என்ன ஆச்சு?"

வீட்டுக்காரர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். குரல் இறங்கியது. "அதை மட்டும் கேட்காதீங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஏட்டு, தம்பியை விடுங்க. வெளியூர்ல இருந்தவர் கை தினமும் இங்க வந்து லைட்டைத் திருகிட்டுப் போயிருக்கு."



"அப்ப என் நகை எங்க சார்?" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் தொட்டிக்கு மேலே இருந்த லைட்டைக் காட்டினார். "அதோ, எரிஞ்சுட்டு இருக்கும்மா."