கை தவறிடுச்சு சார்

“உடைச்சிட்டியா?”

டாக்டர் அறிவுச்செல்வன் கேட்ட தொனியில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது.

“கை தவறிடுச்சு சார்,” என்றாள் ஷஃபீனா. “ஓட்டுறதுக்கு முன்னாடியே ஜெல் உடைஞ்சிடுச்சு. மிச்சமிருந்த சாம்பிளும் கொட்டிடுச்சு.”

அந்தக் காரைக்கால் மரபணு ஆய்வுக்கூடத்தில் கை தவறாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது ஷஃபீனாதான். அதனால் எல்லோருக்கும் ஆச்சரியம். கூடப் படிக்கும் புகழேந்திக்கு மட்டும் உள்ளூர சந்தோஷம். ஜெல் உடைப்பதில் இத்தனை நாள் தனிக்காட்டு ராஜாவாக இருந்தவனுக்கு இப்போதுதான் ஒரு துணை கிடைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். புதிதாகப் பிஎச்.டி. சேர்கிறவர்கள் கை பழகுவதற்காக அறிவுச்செல்வன் ஒரு பயிற்சி வைத்திருந்தார். அவரவர் அம்மாவை அழைத்து வர வேண்டும். அம்மாவும் பிள்ளையும் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல் என்கிற வழவழப்பான வில்லையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால் ஆளுக்கு இரண்டு கோடு விழும். பிள்ளையின் கோடுகளில் ஒன்றாவது அம்மாவின் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் வேலை சுத்தமில்லை என்பது அவர் தீர்ப்பு.

தன்னுடையதைத் தானே ஓட்டினால் மனசு ஆசைப்படுவதைத்தான் கண் பார்க்குமாம். அதனால் மாற்றி ஓட்டச் சொல்வார். கூடச் சேர்ந்த கவியாவுடையது ஷஃபீனா பங்குக்கு வந்தது. ஷஃபீனாவுடையதை கவியா ஓட்டினாள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் படங்கள் பெரிய திரையில் வரும். யார் வேலை சுத்தமோ அவருக்கு ஃப்ரான்ஸில் ஆறு மாதப் பயிற்சி.

ஷஃபீனாதான் போகப் போகிறாள் என்று எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள். அவளும் கம்பளிச் சட்டை வாங்கிவிட்டாள். காரைக்கால் வெயிலில் அதை ஒரு முறை போட்டும் பார்த்திருந்தாள்.

“நோன்புக்கு உங்க வீட்டுலேர்ந்து கடற்பாசி இனிப்பு கொண்டாந்து குடுத்தியே, ஒரு துண்டு ஓரம் சிதையல,” என்றார் அறிவுச்செல்வன். “அதுவும் பாசிதான், இந்த ஜெல்லும் பாசியில செஞ்சதுதான். இத உடைச்சிட்டு நிக்கிற. கடற்பாசி வெட்டத்தான் லாயக்கும்மா நீ.”

ஷஃபீனா தரையைப் பார்த்தாள்.

கவியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “எங்கம்மாவ நெடுங்காட்டுலேர்ந்து கூட்டியாந்தேன்டி. அந்தப் படத்த ஃப்ரேம் போட்டு மாட்டணும்னு செவுத்துல ஆணியே அடிச்சு வச்சிருக்கேன்.”

கவியாவின் அம்மா ராசாத்தியைத் துப்ப வைத்ததே அன்றைக்குப் பெரும்பாடு.

“இதுல என்னடி தெரியும்?” என்று கேட்டாள் ராசாத்தி.

“நான் உன் பொண்ணுன்னு தெரியும்மா.”

“அது எனக்குத் தெரியாதா? எச்சியத் துப்பித்தான் தெரியணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ராசாத்தி குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஷஃபீனாவைப் பார்த்தாள்.

“கட்டாயம் துப்பணுமா பாப்பா?”

“கூச்சப்படாதீங்கம்மா. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்,” என்றாள் ஷஃபீனா.

இப்போது கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அம்மாவ இன்னொரு தடவ வரச் சொல்லவா சார்?”

“வேணாம் சார்,” என்று முந்திக்கொண்டாள் ஷஃபீனா. “கவியா ஓட்டுன ஜெல் சுத்தமா வந்திருக்கு. அவளையே அனுப்பிடுங்க.”

அறிவுச்செல்வன் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அப்படியே அறிவித்தார். ஃப்ரான்ஸ் கவியாவுக்கு. ஷஃபீனாவுக்கு ஒரு மாதம் குடுவை கழுவும் வேலை.

சாயங்காலத்துக்குள் கவியாவின் கோபம் ஆறிவிட்டது. கிண்டல் ஆரம்பித்துவிட்டது.

“அந்தக் கம்பளிச் சட்டையக் குடுத்துடுடி. உங்கிட்ட சும்மாதான கெடக்கும்.”

“நாளைக்குக் கொண்டாறேன்,” என்றாள் ஷஃபீனா.

கிளம்பும்போது அறிவுச்செல்வன் அவளை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஓட்டுறதுக்கு முன்னாடியே ஜெல் உடைஞ்சுதுன்னு சொன்ன. ஆனா கம்ப்யூட்டர்ல படம் எடுத்து அழிச்ச தடம் இருக்கு. என்னம்மா இது?”

ஷஃபீனா கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கியது.

“ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன் சார். கவியாவோட கோடு எதுவும் அவங்கம்மா கோட்டோட ஒத்து வரல. அப்பறந்தான் அவங்கம்மா ‘கட்டாயம் துப்பணுமா’ன்னு கேட்டது ஞாபகம் வந்துச்சு.”

அறிவுச்செல்வன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“அப்ப கவியா... எடுத்து வளத்த பொண்ணா?”

“எனக்குத் தெரியாது சார். அத அவங்கம்மாதான் அவகிட்ட சொல்லணும். வெள்ளிக்கிழம மீட்டிங்ல நம்ம திரை சொல்லக் கூடாது.”

எத்தனையோ பேரின் அம்மாக்களைக் கூப்பிட்டுத் துப்பச் சொன்னவர், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஃப்ரான்ஸ் போச்சேம்மா உனக்கு.”

“அடுத்த வருஷமும் ஃப்ரான்ஸ் அங்கதான சார் இருக்கும்.”

“அடுத்த வருஷத்துலேர்ந்து அம்மாவெல்லாம் வேணாம்,” என்றார். “காரைக்கால்மேட்டுலேர்ந்து மீன் வாங்கி அத ஓட்டிக்கலாம்.”

கதவு திறந்தது. கவியா தலையை நீட்டினாள்.

“சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னுமா அவளத் திட்டுறீங்க?”

அறிவுச்செல்வன் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

“திட்டாம கொஞ்சுவாங்களா? கடற்பாசி வெட்டத்தான் லாயக்கு இந்தப் பொண்ணு.”