ஐந்து மாதம் பொறுக்காதவர்

கையடக்க கேம் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து கணவர் மேஜை மேல் வைத்தபோது, அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

வலது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகாணிகளை முடுக்குகிற கை அது. இப்போது சட்டைப் பொத்தானைப் போடக்கூட வராமல் மரக்கட்டையாகக் கிடந்தது. கட்டைவிரல் மடங்கவே மாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை இரண்டு நாள் அமுக்கிப் பார்த்தாள். வலியில் உயிர் போயிற்று. கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

கடையில் அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

இந்த நேரத்தில், ஐம்பதைத் தொடப்போகிற மனுஷனுக்கு விளையாட்டுச் சாமான்.

"ஏங்க, இது யாருக்கு?"

"எனக்குத்தான். ரொம்ப நாள் ஆசை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் லேசில் வாங்குகிற ஆளில்லை. வாஷிங் மெஷினில் அடுத்த மாடல் வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் அவளைக் கையால் துணி துவைக்க வைத்தவர்.

அன்று சாயங்காலம் அவள் தம்பி வந்தான். இந்த மாதிரி சாமான்களெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பெட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். இதற்கடுத்த மாடல் ஐந்தே மாதத்தில் வருகிறது, திரை பெரிது, பேட்டரி இரண்டு மடங்கு நிற்கும், இப்போது போய் யாராவது இதை வாங்குவார்களா என்று கேட்டான். கடைக்காரரும் அதையேதான் சொன்னார் என்று கணவர் ஒப்புக்கொண்டார்.

"அஞ்சு மாசம் காத்திருந்தா என்ன அத்தான்?"

"எனக்குப் பொறுமை இல்லப்பா."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, வாங்கினார். விளையாடவாவது தெரிய வேண்டாமா?

திரையில் ஒரு குட்டி நரி ஓடும். கட்டைவிரலால் பொத்தானை விட்டு விட்டு அமுக்கினால் பாறைக்குப் பாறை தாவும். அவருடைய நரி மட்டும் உடைந்த பாலம் ஒன்றுக்குப் போனதும் தண்ணீரில் விழுந்துவிடும். மறுபடி ஓடும், மறுபடி விழும். அதையும் அவர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து செய்வதில்லை. சோபாவில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, விழும்போதெல்லாம் ஒரு முனகல்.

மூன்றாம் நாள் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "கொடுங்க இப்படி" என்று பிடுங்கினாள்.

கட்டைவிரல் சுரீர் என்றது. நரி பாலத்துக்கு வெகு முன்னாலேயே விழுந்தது. தூக்கிப் போட்டுவிட்டு எழுந்திருப்பாள்தான். ஆனால் அவர், "ஓ, உனக்கும் வரலையா? அப்ப சரி" என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

அது போதாதா?

அதற்கப்புறம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவள் அசையவில்லை. ஒன்பதாம் நாள் நரி பாலத்தைத் தாண்டியது. அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். கணவர் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த கட்டத்தில் அவருக்கு இன்னொரு இடம் வரவில்லை. அதற்கடுத்ததில் வேறொரு இடம். இப்படி ஒரு மக்குக்கா கழுத்தை நீட்டினேன் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் தாண்டிக் கொடுத்தாள். திட்டுகிறபோது அவளுக்கு ஒரே உற்சாகம். எப்போது சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள் என்பதை அவளே கவனிக்கவில்லை.

நான்கு மாதம் ஓடியது. தம்பி சொன்ன புது மாடல் இன்னும் கடைக்கு வந்தபாடில்லை.

பிசியோதெரபி டாக்டரம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜையில் ஒரு குண்டூசியைப் போட்டு எடுக்கச் சொன்னார். சட்டென்று எடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்றார்.

அவளுக்கு மனசு உறுத்தியது. "டாக்டர், உண்மையைச் சொல்லிடறேன். நீங்க கொடுத்த பந்தை ரெண்டு நாளைக்கு அப்புறம் நான் தொடவே இல்ல."

டாக்டரம்மா சிரித்தார். "தெரியும். உங்க வீட்டுக்காரர் அப்பவே வந்து சொல்லிட்டார். வேற வழி இருக்கான்னு கேட்டார். பயிற்சின்னு தெரியாமலே செய்யற மாதிரி ஏதாவது குடுங்க, ஆனா முதல் மூணு நாலு மாசம்தான் முக்கியம், விட்டா விரல் இறுகிடும்னேன்."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே வராந்தா பெஞ்சில் அவர் அந்த விளையாட்டுச் சாமானும் கையுமாக உட்கார்ந்திருப்பது கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது.

"எனக்காகவா வாங்கினார்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம் டாக்டர், அவருக்குத்தான் அது சுட்டுப்போட்டாலும் வரல."

"வரலையா?" டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி, நாலு நாள் அதே பெஞ்சில உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் ஆடி முடிச்சார்மா. கட்டைவிரலுக்கு எங்கெங்க வேலை அதிகம்னு என்கிட்ட கேட்டுக் குறிச்சுக்கிட்டார். அங்கெல்லாம் நான் விழுந்துக்கறேன்னார்."