பூட்டிக்கிட்ட பதிவு

"ஒரு டிரைவர் பேரை லிஸ்ட்டிலேருந்து எடுக்கறதுக்குக் காலையிலேருந்து மல்லுக்கட்டறேன். சும்மா சுத்திக்கிட்டே இருக்கு! நீ அங்க என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே? முதலாளி என் எதிர்லயே உட்கார்ந்திருக்கார்!"

போனில் மேனேஜர்.

கம்பெனி டேட்டாபேஸைப் பார்த்துக்கறது என் வேலை. நல்லா ஓடினா ஒருத்தருக்கும் என் ஞாபகம் வராது. நின்னா மட்டும் நான்தான் இளிச்சவாயன்.

தேடிப் பார்த்தேன். எச்.ஆர். அக்கா அந்த டிரைவரோட பதிவைத் திருத்தறதுக்குத் திறந்து, அப்படியே விட்டிருந்தாங்க. எங்க சிஸ்டத்துல ஒருத்தர் ஒரு பதிவைத் திறந்து வச்சா, அவர் மூடற வரைக்கும் வேற யாரும் அதுல கை வைக்க முடியாது. திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போறது இந்த ஆபீஸில் எல்லாருக்கும் கைவந்த கலை.

அக்காவோட கனெக்‌ஷனை என் சீட்டிலிருந்தே வெட்டிவிட்டேன்.

"சார், இப்ப பாருங்க."

"என்னத்தைப் பார்க்கறது? மறுபடியும் சுத்துது! வேலை தெரியலைன்னா சொல்லிடு, வேற ஆளைப் பார்க்கறோம்!"

பார்த்தா, மறுபடியும் அதே அக்கா அதே பதிவைத் திறந்து வச்சிருக்காங்க! எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. மாடிக்கு ஓடினேன்.

டீயும் இல்லை, ஒண்ணும் இல்லை. அக்கா கம்ப்யூட்டர் முன்னாடி, மவுஸில் கை வச்சபடி உட்கார்ந்திருந்தாங்க.

"என்னக்கா, விளையாடறீங்களா? என் வேலைக்கே வேட்டு வச்சிடுவீங்க போலிருக்கே. முதல்ல அந்தப் பதிவை மூடுங்க."

"மாட்டேன் தம்பி."

"என்னது?"

"கத்தாதே. அந்த டிரைவர் பொண்ணுக்கு இன்னிக்கு இருதய ஆபரேஷன். அதுக்காக ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கறார். ரொம்ப லீவு போட்டுட்டாராம், உடனே பேரை எடுன்னு முதலாளி ஒத்தைக் கால்ல நிக்கறார். பேர் போன அடுத்த நிமிஷம் கம்பெனி கொடுக்கற இன்ஷூரன்ஸும் போயிடும். மதியத்துக்குள்ள ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ்காரங்களோட ஒப்புதல் வந்துடும். வந்துட்டா அப்புறம் பேரை எடுத்தாலும் அந்தக் குழந்தைக்குப் பாதகமில்லை. அது வரைக்கும் கொஞ்சம் பொறு."

என் கோபம் பொசுக்குன்னு இறங்கிடுச்சு. பயம் இறங்கலை.

"சரிக்கா, நான் வெட்டலை. ஆனா மேனேஜருக்கு யார் பதில் சொல்றது?"

சொல்லி வாய் மூடலை, போன் வந்துடுச்சு.

"இன்னும் எவ்வளவு நேரம்யா?"

"சார்... பிரச்சினை பெருசு சார். சாயங்காலம் ஆயிடும்."

"சாயங்காலமா? உன்னையெல்லாம் வேலைக்கு வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!" படார்னு வச்சுட்டார்.

"பார்த்தீங்களாக்கா? மனுஷனா அவரு? ஒரு குழந்தை உயிரைப் பத்தி ஒரு நிமிஷமாவது யோசிச்சிருப்பாரா?"

அக்கா சிரிச்சாங்க.

"முதலாளி எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது கத்தாம, கொஞ்சவா முடியும்? 'அந்தப் பதிவைத் திறந்து வச்சுக்கோம்மா, யார் சொன்னாலும் மூடிடாதே'ன்னு காலையில இங்க வந்து கெஞ்சாத குறையா சொல்லிட்டுப் போனதே அவர்தான் தம்பி."