மூன்றாவது போல்ட்டு

வேனின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் மூன்று போல்ட்டுகள். இரண்டு உடனே கழன்றுவிட்டன. எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மூன்றாவதை எட்ட மெக்கானிக் மாசிலாமணியின் தடித்த கை நுழைய மாட்டேன் என்றது. போன ஆவணியில் இதே போல்ட்டை மாட்டியது அவர் மனைவி வேலுத்தாய். கை நழுவி விழாமலிருக்க நெற்றியிலிருக்கும் ஒட்டுப்பொட்டை எடுத்துப் போல்ட்டின் தலையில் ஒட்டி, ஸ்பானருக்குள் இறுக்கிக்கொள்வாள். அடுத்த மாதம் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

"என்னவே, வண்டிக்குப் பிரசவமா பாக்கீரு?" என்றார் வேன்காரர் சூசை.

புறங்கைத் தோல் உரிந்த பிறகுதான் போல்ட்டு வந்தது. தலையில் காய்ந்துபோன பொட்டு. மாசிலாமணி அதை நகத்தால் பெயர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மோட்டாரைச் சரிசெய்து திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவினார், காகிதம் மடித்து வைத்தார். இரண்டு தடவையும் போல்ட்டு கீழே விழுந்தது.

"பொழுது சாயுதுவே" என்றார் சூசை.

மாசிலாமணி சட்டைப்பைக்குள் விரலை விட்டார். மூன்றாம் தடவை போல்ட்டு விழவில்லை. அவளைப்போலவே கடைசியில் கால் சுற்று கூடுதலாக முடுக்கினார்.

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. மாசிலாமணி ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நாலு எட்டு நடந்தார்.

"அண்ணாச்சி, இத வேற யார்ட்டயும் கழட்டக் குடுத்துராதீங்க."